செவலையோட ரத்தத்துல ரெண்டு நம்பர்

எங்க வீட்டுப் பூனை செவலைக்கு வயசு 12. நெல்லு மூட்டையும் கடலைக்காயும் கிடக்கற அறையில எலி தங்காம இத்தனை வருஷம் காவல் காத்தது அதுதான். தை மாசத்துல இருந்து மாட்டுத் தொட்டியில வெச்ச வாயை எடுக்காம தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது. சாம்பல் மேட்டுல அது மூத்திரம் பேஞ்சு மூடி வெக்கற கட்டி முன்னெல்லாம் எலுமிச்சங்காய் அளவு இருக்கும், இப்ப சாத்துக்குடி அளவு. சோறு தின்னுச்சு. ஆனா முதுகைத் தடவுனா எலும்பு தட்டுப்பட்டுது.

"வயசானா அப்படித்தானுங்க"ன்னாங்க எல்லாரும். மாடு ஒரு வேளை தீவனம் தின்னலைன்னா தூங்காத ஊரு இது. பூனைக்கு அந்த மரியாதை கிடையாது.

மாசியில மக வந்தப்ப கூடையில வெச்சு டவுன் டாக்டர்கிட்டக் கொண்டு போனோம். ரத்தமும் மூத்திரமும் எடுத்தாங்க. கிரியாட்டினின் 1.5. தாள்ல அது சரியான அளவுக்குள்ளதான். இன்னொண்ணு எஸ்.டி.எம்.ஏ.ன்னு. 14க்குள்ள இருக்கணுமாம், செவலைக்கு 19.

டாக்டர் சொன்னதை என் கணக்குல சொல்றேன். கிணத்துல முக்கால்வாசி தண்ணி இறங்கற வரைக்கும் மோட்டார் நல்லாத்தான் ஊத்தும். பைப்பைப் பாத்தா தெரியாது, கயிறு விட்டுப் பாக்கணும். கிரியாட்டினின் அந்தப் பைப்பு மாதிரி. கிட்னி வேலையில முக்கால்வாசி போன பிறகுதான் ஏறும். அது சதையில இருந்து வர்ற கழிவு வேற. கிழட்டுப் பூனைக்குச் சதை வத்திப் போறதால நம்பர் இன்னும் நல்லாவே தெரியும். எஸ்.டி.எம்.ஏ. உடம்புல எல்லா செல்லுல இருந்தும் வருது, சதை குறைஞ்சாலும் ஏமாத்தாது. சராசரியா 40 சதவீதம் வேலை குறையறப்பவே ஏறிடும். 2015ல இருந்துதான் இந்த டெஸ்ட் புழக்கத்துல இருக்கு.

"ஒரு நம்பரை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுங்க ஐயா"ன்னு டாக்டர் மூணு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொன்னாரு. அப்ப 20. மூத்திரத்தோட அடர்த்தி 1.018. நல்ல பூனைக்கு 1.035க்கு மேல இருக்கணும். தைராய்டு கெட்டாலும் பூனை இளைக்கும், தண்ணி குடிக்கும். அதையும் பாத்தாச்சு, சரியா இருந்துச்சு. நாலு கட்டத்துல இது ரெண்டாவதுன்னாரு.

போன கிட்னி திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான். பாஸ்பரஸ் குறைஞ்ச தீவனம், மூணு இடத்துல தண்ணிச் சட்டி. வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்.

"டெஸ்டுக்கு ஆன காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கலாமுங்க"ன்னாரு பக்கத்துத் தோட்டத்துக்காரர். வாஸ்தவம்தான். ஆனா ஆட்டுக்குட்டி எலி புடிக்காதுங்களே.

பிளாட்டுல பூனை வளக்கறவங்களுக்கு மண் தட்டு வீட்டுக்குள்ளயே இருக்கு. அள்ளறப்பக் கட்டியோட அளவைக் கொஞ்சம் பாருங்க. ஏழெட்டு வயசு தாண்டிட்டா வருஷம் ஒரு தடவை ரத்தம் பாத்துடுங்க. கிரியாட்டினின் சரியா இருக்குன்னு சொன்னா எஸ்.டி.எம்.ஏ. எவ்வளவுன்னும் கேளுங்க.

செவலைக்கு அடுத்த டெஸ்ட் ஆவணியில. கருவாட்டை அடியோட நிறுத்தியாச்சு. அதுல உப்பும் பாஸ்பரஸும் ஜாஸ்தி. இப்ப வாசம் வந்தா அடுத்த வீட்டு ஓட்டு மேல போய் உக்காந்துக்குது. போடாதீங்கன்னு அந்த வீட்டு ஆயாகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். "சரி சாமி"ங்குது. போடுதுன்னுதான் நினைக்கறேன்.