கொடியும் கொட்டானும்

தோட்டம் போடுகிறவர்களைப் போலப் பெருமை பேசுகிறவர்கள் உலகத்தில் இல்லை. எழுத்தாளர்களைக்கூட இந்த விஷயத்தில் இரண்டாவது இடத்தில்தான் வைக்க வேண்டும். நான் இரண்டுமாக இருக்கிறேன். என் நிலைமையை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

காரைக்குடியில் என் வீட்டு மொட்டை மாடியில் இருபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தெருவிலுள்ள நாலைந்து பேர் அங்கே கூடுவோம். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவருக்கு ரோஜாப் பைத்தியம். மருந்துக் கடைக்காரர் ஒருவர். அவர் வளர்க்காத கீரை கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சருக்குக் கொடிக் காய்கள் மீது தனிப் பிரியம். ஒருவர் வீட்டுக்குப் போனால் ஒரு பதியனோ, ஒரு பிடி விதையோ வாங்காமல் திரும்புவதில்லை என்பது எங்களுக்குள் சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறிய ஒரே ஆசாமி நான்தான்.

என்னிடம் சிறகவரை இருந்தது. காயின் நாலு மூலையிலும் ஓடும் சிறகுகளை அரம் போட்டு ராவினாற்போல் இருக்கும். பூ வெளிர் நீலம். இலை, பூ, பிஞ்சு, விதை, வேரில் விளையும் கிழங்கு எல்லாமே சாப்பிடக் கூடியவை. ஆனால் கொஞ்சம் பிடிவாதக்காரக் கொடி. பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்துவிட்டு எத்தனை எரு போட்டாலும், ஐப்பசி, கார்த்திகை வரை வெறும் இலையைத்தான் காட்டிக் கொண்டிருக்கும். பொறுமையில்லாதவர்கள் மலட்டுக் கொடி என்று பிடுங்கி எறிந்து விடுவார்கள்.

எங்கள் வீட்டில் அதைப் 'பர்மா அவரை' என்போம். பர்மாவில் கிழங்குக்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். கொண்டுவிற்கப் போனவர்கள் யாரோ மடியில் முடிந்து கொண்டு வந்த விதை என்று அப்பத்தா சொல்லுவாள். 1942-ல் அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு முன்பே வந்துவிட்ட இந்த விதை மட்டும் எங்கள் கிணற்றடியில் தங்கிவிட்டது.

அப்பத்தாவைக் கேட்டவர்களுக்கெல்லாம் விதை கிடைக்கும். அதுவும் கையில் கொடுக்க மாட்டாள். ஒரு சின்னக் கொட்டானில் போட்டுத்தான் கொடுப்பாள். பனங்குருத்தோலையை உலர்த்தி, வகிர்ந்து, சாயமேற்றி முடையும் இந்தக் கொட்டான் அந்தக் காலத்தில் விலைக்கு விற்ற சாமானல்ல. ஆண்கள் கடல் கடந்து போயிருந்த வீடுகளில், மத்தியான வேளையில் வளவில் கூடி உட்கார்ந்து ஆச்சிமார்கள் முடைந்தார்கள். ஒருத்தி புதுப் பின்னல் கண்டுபிடித்தால் மறுநாள் நாலு பேர் கையில் அது இருக்கும். விளிம்புக்கு நூலில் லேஸ் பின்னுவதும் மணி கோப்பதும் அப்படித்தான் பரவின. கல்யாணச் சீரிலிருந்து கோயிலுக்கு எடுத்துப் போகும் பூ, பழம் வரை எல்லாம் கொட்டானில்தான்.

அப்பத்தா போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவள் கை பட்டு, இன்னும் உயிரோடிருக்கும் பொருள் என்று எனக்கு மிஞ்சியது அந்தக் கொடி ஒன்றுதான். அதனாலேயே அதன் மேல் எனக்கு ஒரு உடைமை வெறி பிறந்தது. டீச்சர் இரண்டு முறை கேட்டார். "விதை இன்னும் முற்றவில்லையே" என்றேன். பொய்! அப்போதே அதை ஒரு டப்பாவில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, அலமாரிக்குள் பூட்டியிருந்தேன்.

அடுத்த ஆடியில் டப்பாவைத் திறந்தேன். ஈரம் முழுவதும் உலருமுன் மூடிவிட்டிருக்கிறேன். உள்ளே பூசணம் பூத்து ஒரே கட்டியாகக் கிடந்தது. ஒரு வாரம் ஊற வைத்தும், மண்ணில் புதைத்தும் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பத்தா இரண்டாம் முறை செத்துப் போனதாகவும், இந்தத் தடவை நானே அவளைக் கொன்றதாகவும் தோன்றியது.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமனைப் பற்றிப் படித்திருக்கிறேன். இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல்லை இனாமாகக் கொடுப்பார். அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2018-ல் அவர் காலமானார். அவர் மீட்ட நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகள் விவசாயிகளின் வயல்களில் இருக்கின்றன. கொடுப்பதுதான் காப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பத்தாவுக்கும் தெரிந்திருந்தது. படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

மார்கழியில், சிநேகிதர் வீட்டுத் தைக் கல்யாணத்துக்குக் கொட்டான் சொல்வதற்காகப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். வளவுகள் காலியாகி, பிளாஸ்டிக் கூடைகள் வந்த பிறகு கொட்டான் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. முடையத் தெரிந்த ஆச்சிமார்கள் சிலரே மிஞ்சியிருந்த சமயத்தில், 2000-ல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை, அந்தக் கையறிவைக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்தது. இன்று கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆச்சிமார்களின் பொழுதுபோக்கு, வேறு வீட்டுப் பெண்களின் கைக்குப் போனதால் பிழைத்தது.

நான் தேடிப் போன அம்மாளும் அப்படிக் கற்றுக் கொண்டவர்தான். அவருடைய வேலியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வெளிர் நீலப் பூ! நாலு சிறகோடு காய்!

"ஏம்மா, இது ஏது?"

"எங்க ஆத்தா உங்க வீட்டுக்குப் பால் ஊத்துனவ தம்பி. ஆச்சி கொடுத்த விதை. வருஷா வருஷம் போட்டுக்கிட்டு வர்றோம்" என்றார் அவர், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

என்னால் உடனே பேச முடியவில்லை. தை மாதம் கொட்டான்களை வாங்கப் போனபோது, கொடியில் முதலில் காய்த்து உலர்ந்த நெற்றுகளை உரித்து, ஒரு சின்னக் கொட்டானில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். காசு கொடுக்கப் போனேன். "விதைக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் நேரே டீச்சர் வீட்டுக்குப் போய், பாதி விதையைக் கொட்டானோடு கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"போன வருஷமே உங்க மாடியிலே நெற்று காய்ஞ்சு தொங்கினதைப் பார்த்தேன் சார்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் கொட்டான் திரும்பி வந்தது. உள்ளே கொஞ்சம் பாகல் விதை. பின்னாலேயே டீச்சரும் வந்தார்.

"எனக்கு அஞ்சு விதை போதும் சார். மீதியை மருந்துக் கடைக்காரருக்குக் கொடுத்துட்டேன். அடுத்த தடவை உங்க டப்பாவிலே பூசணம் பிடிச்சா, வாங்கிக்க நமக்குப் பக்கத்திலேயே ரெண்டு இடம் இருக்கணுமில்லே?"