மான் வரும் தோப்பு

மலேசியாவின் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கின் சரிவுகளில் பிளாஸ்டிக் கூரை இல்லாத இடத்தைத் தேடத்தான் வேண்டும். தக்காளி, குடைமிளகாய், சாலட் கீரை எல்லாம் அந்தக் கூரைக்குள்தான் விளைகின்றன. தேயிலைச் சரிவுகளைத் தாண்டி ரிங்லெட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் இந்தப் பக்கம் மான் நடமாடுகிறது என்றால் நம்பமாட்டார்கள். கடைசிப் பண்ணையும் முடிந்து, லேண்ட்ரோவர் போகாத ஒற்றையடிப் பாதையில் நெடுந்தூரம் இறங்கினால் செமாய்ப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் நிலம் வருகிறது. அங்கே கேளையாடு வருகிறது. பழக்காலத்தில் எப்போதாவது கடமானும் வரும். வரட்டும் என்றே அந்த நிலத்தை மூன்று தலைமுறையாகப் பேணி வருகிறார்கள்.

இந்தத் தகவலைச் சொன்னவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது சொந்தமாகக் காய்கறி போடும் தமிழர். செமாய்ப் பெரியவரும் அவரும் இளவயதுப் பழக்கம். இவர் அவரை மலாய் முறையில் ‘பாக்’ என்கிறார். அவர் இவரை ‘அண்ணே’ என்கிறார். “மானுக்கு எப்படித் தோட்டம் போடறதுன்னு பாக் சொல்வாரு, வாங்க” என்று அழைத்துப் போனதும் இவர்தான்.

நிலம் என்றதும் வேலியும் வரப்பும் மனத்தில் எழும். அங்கே கண்ணுக்குத் தெரிவது காடு மட்டுமே. பெரியவர் பாராங் கத்தியின் நுனியால் ஒவ்வொரு இடமாகச் சுட்டிய பிறகுதான் அதன் ஒழுங்கு பிடிபடுகிறது. பக்கத்தில் மரவள்ளி; போன வருடம் வெட்டி எரித்துப் போட்டது. அதற்கு அப்பால் இடுப்பளவு புதர். கிழங்கு பிடுங்கிய பின் விட்டுவிட்ட புனம். இன்னும் தள்ளி, காட்டு வாழையும் இளமரங்களும் அடர்ந்து கிடப்பது அவருடைய மூத்த மகன் குழந்தையாக இருந்தபோது பயிரிட்ட இடம். அதையும் தாண்டினால் பெத்தாய், பெரா மரங்கள் நிற்கும் தோப்பு. இன்னும் கீழே, வெக்கை தொடங்கும் உயரத்தில், டுரியான் மரங்கள்.

மானுக்கு இந்த வரிசையே விருந்து. முதிர்ந்த மழைக்காட்டின் தரையில் வெயில் விழுவதில்லை. புல்லும் தளிரும் அங்கே அரிது. வெட்டி விட்ட புனத்தில் வெயில் இறங்கும், இளந்தளிர் பொங்கும். பகலில் படுக்கப் பழைய புனத்தின் புதர் இருக்கிறது. இரவில் தின்ன இளம் புனம். பழம் உதிரும் மாதங்களில் தோப்பு. ஓடைக்கு மேலே உப்புச் சுவையுள்ள ஈரமண் ஊறும் இடமொன்றும் உண்டு. மலாய்க்காரர்கள் ‘ஜெனுட்’ என்பது அதைத்தான். தழை தின்னும் விலங்குகளுக்குத் தழையிலிருந்து போதிய சோடியம் கிடைக்காது, அதனால் தாது மண்ணைத் தேடி வந்து நக்குகின்றன. அந்த வழியாக விறகுக்குக்கூட யாரையும் பெரியவர் போகவிடுவதில்லை.

அமெரிக்காவில் இதைப் பாடமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆல்டோ லியோபோல்ட் 1933-ல் வேட்டை விலங்கு பராமரிப்பு பற்றி எழுதிய நூலில், காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்களில்தான் விலங்குகள் பெருகும் என்பதை விரிவாக விளக்கினார். இன்றும் அந்நாட்டுக் குடும்பப் பண்ணைகளில் வெள்ளைவால் மானுக்காகவே தீவனப்புல் விதைத்து, ஓக் மரங்களைக் காத்து, வேட்டைப் பருவத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். பனாமாவில் ஆய்வு செய்த ஒல்கா லினாரஸ் 1976-ல் இதன் வெப்பமண்டல வடிவத்தை எழுதினார். தோட்டத்தைத் தின்ன வரும் விலங்கைத் தோட்டத்திலேயே பிடிப்பது, அதனால் பயிரிடுவதும் வேட்டையாடுவதும் ஒரே வேலையாகிவிடுவது.

நமக்கு இது புதிதா? குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தை நினைத்தால் போதும். மரத்தைச் சுட்டுப் புனமாக்கி, தினை விதைத்து, பரண் மேலிருந்து கிளி ஓட்டி, கதிர் மேய வந்த பன்றியையும் மானையும் வேட்டுவர் அங்கேயே மடக்கினார்கள். இந்த மலைச் செமாய்களும் ஒரு காலத்தில் அதே தினையைப் பயிரிட்டவர்கள். அதைக் கேட்டதும் தமிழ் நண்பரின் முகத்தில் வந்த வியப்பு எனக்கும் இருந்தது. கூலிக்காக இங்கே கப்பலேற்றப்பட்டவர்களின் பேரன், தன் முன்னோரின் வேளாண்மையை அடுத்த மலைக்காரரிடம் பார்க்கிறார்.

பெரியவர் வீட்டில் அடுப்புக்கு மேலே தொங்குவது ஊதுகுழல். அதைக் கையில் எடுத்த பிறகு அவர் வேறு எதையும் பற்றிப் பேச விரும்பவில்லை.

உள்குழலுக்கு வேண்டிய மூங்கில் உயரமான மலைமுகடுகளில் மட்டுமே வளர்கிறது. அதன் ஒரே கணு இடைவெளி இரண்டு மீட்டரைத் தாண்டும். நடுவில் முடிச்சே இல்லாத அந்த ஒற்றைக் குழல்தான் கருவியின் உயிர். வெட்டி வந்ததை நெருப்பின் மேல் காட்டிக் காட்டி நேராக்குகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அடுப்புக்கு மேலே புகை குடிக்கிறது. அதைக் காக்க வெளியே இன்னொரு மூங்கில் உறை, வாய்ப்பகுதிக்கு மரக்குமிழ். உறையின் மேல் கத்தி நுனியால் கீறிய கோலங்கள். அம்புக்குப் பெர்த்தாம் பனையின் மட்டை. அதைச் சீவிச் சீவி, ஊசி போலாக்கி, பின்புறம் மென்மையான பனஞ்சோற்றில் கூம்பு செருகுகிறார்கள். காற்று கசியாமலிருக்கப் பனையின் பஞ்சை அடைக்கிறார்கள். நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டு. தைத்த குரங்கு அம்பைப் பிடுங்கினாலும் முனை உடலுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். நுனியில் ‘ஈப்போ’ என்னும் நச்சுமரத்தின் பால். நச்சைக் காய்ச்சும் வேலை தனிக் கலை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்தக் கருவி மரத்தின் மேல் இருப்பவற்றுக்கானது. அணில், குரங்கு, பறவை. கடமான் கிடா 200 கிலோவை எட்டும்; அதை அந்தக் காலத்தில் ஈட்டிப் பொறியாலும் பிற்காலத்தில் துப்பாக்கியாலும் வீழ்த்தினார்கள். ஆனால் தோப்பில் மான் தங்குவதற்கு ஊதுகுழலும் ஒரு காரணம் என்கிறார் பெரியவர். சத்தமில்லை. ஒரு அணிலை எடுத்தால் மற்ற விலங்குகள் கலைவதில்லை. ஊதுகிறவர் தன் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டுமே எடுக்கிறார். சினையாக இருப்பதை விட்டுவிட அவருக்கு நேரம் இருக்கிறது.

கம்பிக் கண்ணிக்கு அந்தக் கண் இல்லை. வெளியிலிருந்து வரும் திருட்டு வேட்டைக்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் கண்ணியில் சினைமானும் சிக்கும், குட்டியும் சிக்கும், புலியும் சிக்கும். சிக்கியதை எடுக்க ஆள் வராமலே அது அழுகிப் போவதும் உண்டு. கடமான் எட்டு மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும் விலங்கு. இழப்பை அவ்வளவு எளிதில் ஈடுகட்டாது. கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் தருவதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் 2009-ல் நிறுத்திவைத்தது. பின்னர் அந்தத் தடையை நீட்டித்தது. மலாயாப் புலியின் முக்கிய இரைகளில் ஒன்று கடமான். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவு என்றது.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், செமாய்களும் அடங்கிய ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் தங்கள் குடும்ப உணவுக்காகப் பத்து வகை விலங்குகளைப் பிடிக்க அனுமதிக்கிறது. கடமான், சருகுமான், காட்டுப்பன்றி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விற்கக் கூடாது. பெரியவர் கடமானைத் தொட்டுப் பல வருடமாகிறது. குறைந்துவிட்டதைக் கொல்ல அவருக்கு மனமில்லை. முன்பு ஒரு மான் விழுந்தால் ஊர் முழுவதும் பங்கு போகும். பங்கு வாங்கியவர் நன்றி சொல்வதில்லை. செமாய்களோடு வாழ்ந்து 1968-ல் நூல் எழுதிய ராபர்ட் டெண்டன் இதைக் குறித்திருக்கிறார். நன்றி சொன்னால், கொடுத்தவர் அளந்து கொடுத்தார் என்று குத்திக்காட்டியதாகிவிடும்.

அளந்து வாங்குபவர்கள் தரகர்கள். மான் தின்னாத பெத்தாய்க் காயைத்தான் குடும்பம் காசாக்குகிறது. மரமேறிப் பறிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. நாற்பது மீட்டர் வரை வளரக்கூடிய மரம். முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தால், சாலையோரம் லாரியோடு நிற்கும் தரகர் நூறு காய்க்கு இவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்வார். பேரம் கிடையாது. அடுத்த லாரி வராது என்று அவருக்குத் தெரியும். தாப்பா சாலைக் கடைகளில் அதே காய் தொங்கும் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முன்பணம் கொடுத்துப் பூக்கும்போதே மரத்தைக் கட்டிப்போடும் தரகரும் உண்டு. தாத்தா நட்ட மரம், பேரன் ஏறும் மரம், மகசூல் மட்டும் மூன்றாம் ஆளுக்கு! கூட்டுறவாக ஒரு வண்டி வாங்கித் தர ஆயிரம் பேர் கூடிய மாநாடு தேவையில்லை. மாவட்டத்தில் ஒரே ஒரு அதிகாரி மனம் வைத்தால் போதும்.

செமாய் வழக்கப்படி நிலம் காடாகத் திரும்பினாலும் மரம் நட்டவருக்கும் அவர் வாரிசுக்குமே உரியது. அதனால்தான் பேரன் காலத்தில் காய்க்கும் மரத்தைக் கிழவர் நடுகிறார். அரசுச் சட்டம் இதை ஒப்புவதில்லை. 1954-ஆம் ஆண்டுப் பழங்குடிச் சட்டப்படி, குடியிருக்கும் உரிமை பெற்ற ஓராங் அஸ்லிகூட அரசு விரும்பும்வரைதான் நிலத்தில் இருக்கலாம். சிலாங்கூரின் தெமுவான் என்னும் ஓராங் அஸ்லி மக்களுக்காக சாகோங் தாசி தொடுத்த வழக்கில் 2002-ல் உயர் நீதிமன்றமும் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களுக்கு நிலத்திலேயே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தன. அதன் பிறகும் ஒவ்வொரு ஊரும் தன் உரிமையைத் தானே நிறுவ வேண்டியிருக்கிறது.

தமிழ் நண்பரின் நிலைமையும் இதற்கு உறவுதான். அவர் கையில் இருப்பது தற்காலிக உரிமம். நிலச் சட்டப்படி அது டிசம்பர் 31-ஐத் தாண்டாது. வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மரம் நடுவாரா, கூரை போடுவாரா? இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பிளாஸ்டிக் மின்னுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான். மொட்டையடித்த சரிவுகளின் மண் ஆற்றில் இறங்கி, 1963-ல் கட்டிய சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரியை நிரப்பியது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையில் அணை திறக்கப்பட்டபோது வெள்ளம் லெம்பா பெர்த்தாமைத்தான் அடித்துப் போனது. உயிர்கள் போயின.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நண்பர் தன் நிலத்தில் ஓடையோரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார். யோசனை சொன்னது பெரியவர். காட்டு இஞ்சியும் வாழையும் நாணலும் மண்டிவிட்டன; கரை இடியவில்லை. விடியலில் நாய் குரைப்பது போல ஒரு குரல் கேட்கிறது, அது கேளையாடு என்கிறார். முட்டைக்கோஸ் நாற்றைக் கடித்துவிட்டுப் போகிறது என்ற குறையும் உண்டு. அதற்கு வலை கட்டியிருக்கிறார், கண்ணி வைக்கவில்லை.

பெரியவரின் பேரன் பெர்ஹிலித்தானின் ரோந்துப் படையில் சேர்ந்திருக்கிறான். முன்னாள் படைவீரர்களையும் ஓராங் அஸ்லி இளைஞர்களையும் கொண்டு அரசு நடத்தும் திட்டம் அது. காட்டுக்குள் கண்ணிகளைத் தேடி அறுப்பது வேலை. விடுமுறையில் வந்தால் கைப்பேசியில் தோப்பின் மரங்களைக் குறித்துவைக்கிறான். நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் தேவைப்படும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இடம், வகை, நட்டவர் பெயர், இன்று உரியவர் பெயர் என நான்கு கட்டங்கள். டுரியான் பக்கம் முடிந்துவிட்டது. பெரா மரங்கள் பாதி பாக்கி. நட்டவர் பெயர் யாருக்கும் நினைவில்லாத மரங்களுக்கு என்ன எழுதுவது என்று பேரன் கேட்டபோது, பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லத் தொடங்கினார். அவன் எழுதிக்கொண்டான்.