ஒட்டவிடாதே என்னும் பாடம்

தாயின் உடன்பிறந்தவளை மராத்தியில் ‘மாவ்ஷி’ என்பர். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் அங்கே இந்த ஒரே சொல்தான். மகாராஷ்டிரத்தின் குழந்தைகள் இல்லங்களில் குளிப்பாட்டி, சோறூட்டி, உறங்கவைக்கும் பணிப்பெண்களையும் அப்படியே அழைக்கிறார்கள். உறவுச்சொல்லைப் பதவிப் பெயராகக் கொடுத்துவிட்டு, உறவாகிவிடக் கூடாது என்றும் அறிவுறுத்துவதுதான் முரண். “அதிகம் ஒட்டவிடாதே, நாளை போகிற பிள்ளை” என்பது அவர்கள் கேட்கும் முதற்பாடம்.

புனேயின் தத்தெடுப்பு இல்லம் ஒன்றில் பணிபுரியும் ஒரு மாவ்ஷியிடமும் இதையே சொன்னார்கள். அவர் பொறுப்பில் வந்த பதினான்கு மாதப் பெண்குழந்தை முதல் மூன்று வாரங்கள் அழவே இல்லை. பசித்தாலும் ஈரத்தில் கிடந்தாலும் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கும். ‘தொந்தரவே இல்லாத பிள்ளை’ என்று மற்றவர்கள் மெச்சினர். இரண்டு பிள்ளைகளை வளர்த்த அவருக்கோ அந்த அமைதி அச்சம் தந்தது. அழுதால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தையின் அமைதி அது என்பதை எந்த நூலும் படிக்காமல் அவர் அறிந்திருந்தார்.

அவர் செய்தது பெரிதொன்றுமில்லை. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பருப்புச்சோறு ஊட்டி முடித்தபின், இவளை மட்டும் மடியில் வைத்து நிதானமாக ஊட்டினார். துணி மாற்றும்போது செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னார். வேலை முடிந்து கிளம்புகையில் நழுவாமல் சொல்லிக்கொண்டு போனார். ஆறாம் வாரத்தில் ஒரு மாலை, அவர் செருப்பை மாட்டியதும் குழந்தை வீறிட்டு அழுதது. முந்தானையைப் பற்றிய கை விடவில்லை. “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்” என்றார் இரவுப் பணிக்கு வந்தவர். உண்மையில், பிரிய அஞ்சும் அளவுக்கு ஒருவர் அந்தக் குழந்தைக்கு அன்றுதான் கிடைத்திருந்தார்.

ஆய்வுலகுக்கு இது புதிதன்று. இளங்குழந்தையின் மனநலத்துக்குத் தாயுடனோ தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவருடனோ இடையறாத நெருக்கம் இன்றியமையாதது என்று ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. 1969இல் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் இணையரின் ஆவணப்படம் அதைக் கண்முன் காட்டியது. தாய் பிரசவத்துக்குச் சென்றதால் ஜான் என்னும் 17 மாதச் சிறுவன் ஒன்பது நாட்கள் ஒரு காப்பகத்தில் விடப்படுகிறான். செவிலியர் கனிவானவர்களே, ஆனால் எந்தக் குழந்தையும் எவருக்கும் உரியதன்று. ஒவ்வொருவராக நெருங்கிப் பார்த்துத் தோற்றவன், இறுதியில் பெரிய கரடிப் பொம்மையிடம் ஒதுங்குகிறான். தாய் திரும்பி வந்தபோது அவரையே ஏற்க மறுக்கிறான். குறை, அங்கிருந்தோரின் மனத்தில் இல்லை. பணி பகிர்ந்த முறையில் இருந்தது.

‘ஒட்டவிடாதே’ என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. ஏற்கெனவே ஒரு பிரிவைக் கண்ட குழந்தைக்கு இன்னொன்று எதற்கு? ஆனால் ஒருவரைப் பற்றிக்கொள்ளக் கற்ற குழந்தைக்கே அடுத்தவரைப் பற்றுவது எளிதாகிறது. ஆகவே பற்றை மறுப்பதைவிட, பிரிவைப் பக்குவமாக நிகழ்த்துவதே செய்யத்தக்கது.

சட்டம் நாட்களைக் கணக்கிடத் தெரிந்தது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதாயின், அதைத் தத்துக்கு உரியதென 2 மாதங்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். பெற்றோர் இசைவு தெரிவித்த 10 நாட்களுக்குள் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது தத்தெடுப்பு விதி. அந்தப் பத்து நாட்கள் பெரும்பாலும் காகிதங்களிலும் பயணத்திலும் கழிந்துவிடுகின்றன.

புதிய பெற்றோர் வந்த அன்றே ஊர் திரும்ப எண்ணியிருந்தனர். மாவ்ஷி மூன்று நாட்கள் கேட்டார். முதல் நாள் அவர் ஊட்ட, புதிய தாய் அருகில் அமர்ந்திருந்தார். மறுநாள் குழந்தை மாவ்ஷியின் மடியில். கிண்ணம் தாயின் கையில். மூன்றாம் நாள் மடியும் மாறியது. கிளம்பும் வேளையில் அவர் மறைந்து நிற்கவில்லை; “நீ ஆயியோடு போகிறாய், நான் இங்கேதான் இருப்பேன்” என்று குழந்தையிடம் சொன்னார். ஆயி என்றால் மராத்தியில் அம்மா. குழந்தை அழுதது. கலங்கிய தாயிடம், “அழட்டும். வந்தபோது இவளுக்கு அழக்கூடத் தெரியாது” என்றார்.

அந்த மூன்று நாட்கள் ஒருவரின் மனப்பாங்கால் கிடைத்தவை. ஒவ்வொரு இல்லத்திலும் அவை நடைமுறையாக வேண்டும். குழந்தையை வளர்த்தவரும் கையளிப்பில் உடனிருக்க வேண்டும். தத்தெடுப்பு ஆணையில் அவர் பெயர் இருப்பதில்லை. அது தேவையுமில்லை. அவருடைய துயருக்காவது ஓர் இடம் வேண்டும். அந்த மாவ்ஷி இரண்டு நாட்கள் விடுப்பு எடுத்தார். காரணம் கேட்ட கட்டத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுத வேண்டியிருந்தது.