மான் பார்த்த திசை

நாம் துப்பாக்கியைத் தொட்டவரல்ல. சாக்குக்கட்டி பிடித்தே இருபது வருஷம் கழிந்துவிட்டது. இருந்தும் வேட்டையைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் நமது பாட்டனார். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன், லைசென்சு வாங்கிக்கொண்டு நீலகிரி அடிவாரத்துச் சீகூர்க் காட்டில் அலைந்தவர் அவர்.

புலியை மனிதன் காண்பதற்குள் மான் கண்டுவிடும். கண்டதும் குரல் கொடுக்கும். ஆனால் எல்லா மான்களின் பேச்சையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பார் பாட்டனார். புள்ளிமானின் குரல் கூர்மையானது. எனினும் அது பயந்த சுபாவமுள்ளது, அற்ப விஷயத்துக்கும் மிரளும். கேளையாட்டின் குரலை முதன்முதலில் கேட்பவர், ஊர்நாய் ஏதோ வழி தவறிக் காட்டுக்குள் வந்துவிட்டது என்றே எண்ணுவர். கடமானோ இலேசில் வாய் திறப்பதில்லை. திறந்தால், தகர ஊதலை ஊதினாற்போல ஒற்றை ஒலி. கூடவே முன்காலால் தரையில் ஓர் அறை. மரத்தின்மேல் மந்தியும் சேர்ந்துகொண்டால் பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. 1907-இல் குமாவுனில், 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டும் சிறு வயதிலேயே இந்தப் பாஷையைப் பயின்றவர்தாம்.

பாட்டனார் அதைப் பயின்றது 1956-இல், ஒரு விடியற்காலையில். ஓடைக்கரையில் ஓர் இருளருடன் பதுங்கியிருந்தார். நாற்பது கஜ தூரத்தில் ஒரு கடமான் தலையை நிமிர்த்தி, நேரே அவரையே பார்த்துக் கத்திற்று. 'கண்டுகொண்டது, இனி ஓடிவிடும்' என்று அவசரமாகத் துப்பாக்கியைத் தூக்கினார். இருளர் குழலைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"காத்து நம்ம பக்கம் அடிக்குது சாமி. அதுக்கு நம்ம வாடை போகலை. அது பாக்கிறது நம்மை இல்லை."

பாட்டனார் மெல்லத் திரும்பினார். பின்னால் உண்ணிச்செடிப் புதரில், பதினைந்து கஜத்துக்குள், ஒரு சிறுத்தை படுத்திருந்தது! தன் ஒளிவிடம் வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும், அது எழுந்து, அவசரமின்றி நடந்து போயிற்று. மானின் கூக்குரல் சுற்றத்தாருக்கு மட்டும் எச்சரிக்கையன்று. 'உன்னைப் பார்த்துவிட்டேன், இனிப் பதுங்கிப் பயனில்லை' என்று பகைவனுக்கும் சொல்வதாகும். சிறுத்தை மறைகிறவரையில் கத்திய மான், அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

அன்றோடு பாட்டனார் வேட்டையை விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை அழகாயிருக்கும். அவர் விடவில்லை, இன்னும் பல வருஷம் போய்க்கொண்டுதான் இருந்தார். குரல் கொடுக்கும் மானை மட்டும் அவர் சுட்டதில்லை. அதையும் அவராகச் சொல்லவில்லை, பாட்டிதான் சொன்னாள்.

2010-இல், எண்பத்திரண்டு வயதில், அவரை முதுமலைக்கு அழைத்துச் சென்றோம். காது அநேகமாய்க் கேட்காது. வனத்துறை வண்டி ஒரு வளைவில் நின்றபோது கடமான் ஒன்று கத்திற்று. வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் மானைப் பார்க்க முண்டியடித்தார்கள். நாம் பாட்டனாரின் தோளைத் தொட்டு மானைச் சுட்டிக் காட்டினோம். அவர் அதன் காதுகளை ஒரு கணம் கவனித்தார். உடனே கழுத்தைத் திருப்பி, எதிர்ப்புறத்து மூங்கில் புதரைப் பார்க்கலானார்.