கைக்கெட்டாத நான்கு போல்ட்டுகள்

கஷ்டத்தில் இரண்டு வகை உண்டு. செய்தவனின் அசிரத்தையால் வருவது ஒன்று. செய்யப்பட்ட பொருளின் தன்மையிலிருந்தே வருவது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியாமல் எளிமை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் அடிப்பக்கத்தைக் காட்டலாம்.

நெய்வேலிச் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அந்தக் காரை வைத்திருக்கிறார். குடியிருப்பு வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கார் தானாக ஓடி வெளியேற வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு தேய்ந்திருந்தது. வங்கிக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை நான் கூடப் போனேன். டார்ச் பிடிப்பதும் ஹேண்ட்பிரேக் இழுப்பதும் என் வேலை.

சென்னையில் 1961இல் தயாராகத் தொடங்கிய ஹெரால்டில் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் எழும்பித் தாழும். இங்கிலாந்தில் 1962இல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் அடிச்சட்டகத்தைக் குறுக்கிச் செய்ததுதான். சக்கரத்துக்கு ஒரு தண்டு. தண்டை டிஃபரன்ஷியலோடு பிணைப்பவை நான்கு போல்ட்டுகள். மேலே குறுக்காகப் பட்டை ஸ்பிரிங், பக்கத்தில் சட்டகம். மூட்டின் காதுகள் நெருங்கி நிற்பதால் சாக்கெட் நுழையாது. அளவோ அங்குலக் கணக்கு: 9/16, அதாவது ஏறத்தாழ 14.3 மில்லிமீட்டர். 14 ஸ்பானர் ஏறாது. 15 வழுக்கி, முனைகளைத் தேய்த்துவிடும்.

முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தார். "அவசரப்பட்டா தலை போயிடும் தம்பி" என்றார். யாருடைய தலை என்று சொல்லவில்லை.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கட்டை அண்டக் கொடுத்தார். கியர் நியூட்ரலில். பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற, ஒரு போல்ட் கீழே இறங்கி வந்தது. பிரேக்கை இழுத்தேன், தண்டு அசையாமல் நின்றது. ஸ்பானர் கொஞ்சந்தான் திரும்பும். எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். பிறகு பிரேக்கை விட்டு, அடுத்த போல்ட். நான்கும் வர மத்தியானமாயிற்று. கையை எங்கும் திணிக்கவில்லை. போல்ட்டைக் கை இருக்கும் இடத்துக்கு வரவழைத்தார்.

நெய்வேலிக்கு இது புதிதல்ல. ஜெர்மன் இயந்திரங்களின் பற்கள் ஆரம்ப வருஷங்களில் கடலூர் மணற்பாறையில் மழுங்கின. பிறகு வெடி வைத்துப் பாறையை இளக்கிவிட்டே வெட்டினார்கள்.

1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் தனித் தண்டுகளை நீக்கி, இரு சக்கரங்களையும் இணைக்கும் இறுகிய அச்சை வைத்தார்கள். பராமரிப்பு சுலபம். பழைய அமைப்புக்கும் குறை உண்டு: வேகமாக வளைத்தால் சக்கரம் உட்புறம் மடங்கும். ஆனால் கெஸலில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். எளிமைக்குக் கொடுத்த விலை அது.

கவிதையில் புரியாத இடங்களைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களிடம் எனக்கு விரோதமில்லை. ஒளிந்திருக்கும் போல்ட் எல்லாம் காரணத்தோடு ஒளிந்திருப்பதில்லை. எது காரணத்தோடு, எது அசிரத்தையால் என்று சொல்வதுதான் விமர்சகனின் வேலை. அதைக் காருக்கு வெளியே நின்றுகொண்டு சொல்ல முடியாது.