கட்டங்களுக்கு நடுவே

எனது ஆசிரியத் தொழிலின் ஆரம்ப நாட்களில், கணக்குக் கொப்பிக்குள் சித்திரக்கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்த மாணவர் பலரை நான் தண்டித்திருக்கிறேன். 1970களில் சிவகாசியில் வெளியான முத்து காமிக்ஸ் இதழ்கள் எனது மேசை இலாச்சியில் அடுக்கடுக்காய்க் கிடந்தன. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மாயாவியின் உடல் மறைந்து கை மட்டுமே தெரியும் என்பதை நான் அறிந்துகொண்டதும் அந்தப் பறிமுதலின் பயனாகவே! ஆயினும், படத்தில் கதை சொல்வது சிறுவருக்கே உரியது என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

சென்ற விடுமுறைக்கு உரும்பிராய்க்கு வந்த என் பேத்தி, 'வன்னி' என்னும் ஆங்கிலச் சித்திர நாவலை என் கையில் தந்தாள். ஐக்கிய நாடுகள் சபைப் பணியாளராக வன்னியில் இருந்து, 2008 செப்டெம்பரில் அச்சபை அங்கிருந்து விலகியபோது வெளியேற நேர்ந்த பென்ஜமின் டிக்ஸ் கதையை எழுத, லிண்ட்சே பொலொக் சித்திரம் தீட்டி, 2019இல் வெளிவந்த நூல் அது. செம்பியன்பற்றுக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பின்னர் போரும் துரத்திய கதை. குடும்பம் கற்பனையே; பட்ட துன்பமோ, தப்பிப் பிழைத்தோர் வாயால் கேட்டறிந்தது.

"பெரும் துயரத்தைப் படக்கதையாக்கலாமோ?" என்றேன். யூதரை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தன் தந்தையின் வதைமுகாம் வாழ்வைச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றதை அவள் எனக்கு எடுத்துரைத்தாள். மாணவி ஆசிரியரானாள், நான் வாய் திறக்கவில்லை.

இந்த நூல்களில் கதை நடப்பது படங்களில் மட்டுமன்று. ஒரு கட்டத்தில் அடுப்பு எரிகிறது; அடுத்ததில் அடுப்படி வெறுமையாய்க் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் நிகழ்ந்ததை யார் சொல்வது? வாசகனே சொல்லிக்கொள்ள வேண்டும். சினிமாவில் காட்சி நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். இங்கே ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் மனத்தைப் பொறுத்தது. சில பக்கங்களை நான் விரைந்து புரட்டினேன். ஒரு பக்கத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டேன்.

"அப்பப்பா, 95இல் நீங்கள் இடம்பெயர்ந்ததையும் கீறலாமே. முதலாவது கட்டத்தில் என்ன?"

"எங்கள் படலை."

"அடுத்ததில்?"

"நாவற்குழிப் பாலம். இரவு, மழை, சனம்."

1995 ஒக்டோபர் 30ஆம் திகதியை இத்தனை ஆண்டுகளாக நான் இந்த இரண்டு சொற்றொடர்களில்தான் சொல்லி முடித்து வந்திருக்கிறேன்.

"இரண்டுக்கும் நடுவிலே என்ன நடந்தது, அப்பப்பா?"

பசுவை அவிழ்த்துவிட்டேன். அது போகவில்லை. ஒழுங்கை முடிவு வரை எங்கள் பின்னாலேயே வந்தது. நான் கல்லெடுத்து எறிந்து அதைத் திருப்பினேன். இதை என் மனைவியிடம்கூட நான் மீண்டும் பேசியதில்லை.

அவள் வெகுநேரம் பென்சிலைக் கையில் வைத்திருந்தாள். "இதைக் கீறவோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். படலையையும் பாலத்தையும் கீறி, நடுவே சற்று அகலமாக இடம் விட்டாள். பின்னர், பசுவின் பெயர் என்னவென்று கேட்டாள்.

"இலட்சுமி," என்றேன். 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டிலில் கட்டை மட்டும் நின்றது.