சீமைக்குப் போன மணி

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நடராஜர் கோயிலை நோக்கியே புறப்படுவார்கள். தண்டவாளத்தின் கீழ்ப்புறம் போனால் அண்ணாமலை நகர். 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சர்வகலாசாலையை ஸ்தாபித்த இடம். அதற்குள்ளேயே திருவேட்களம் என்ற பழைய சிவஸ்தலமும் இருக்கிறது. அர்ஜுனனுக்குப் பாசுபதம் அருள வேடனாக வந்த பெருமானின் பின்னால் நான்கு வேதங்களும் நாய் உருவில் ஓடி வந்தனவாம். அவற்றின் சந்ததியோ என்னவோ, இன்றைக்கும் அந்த வீதிகளில் நாய்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றைச் சீமைக்கு வழியனுப்பத்தான் நாம் போயிருந்தோம்.

மணி என்று பெயர். மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், பின்னங்காலில் சற்று நொண்டல். மோட்டார் சைக்கிள் ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போக, இரண்டு நாள் சாலையோரத்தில் கிடந்தது. படித்தவர்கள் நிறைந்த ஊர், எல்லோரும் "ஐயோ பாவம்!" என்று சொல்லிவிட்டுப் போனோம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய வந்திருந்த ஜெர்மானியப் பெண்மணி ஒருவர்தான் அதைத் தூக்கி வைத்தியரிடம் கொண்டு போனார். டீக்கடை ஆயா சோறு போட்டாள். அம்மணி ஊர் திரும்பும் காலம் வந்தபோது, மணியும் தம்முடன் வரவேண்டும் என்றார்.

நேயர்களே, மனிதன் சீமைக்குப் போவது சுலபம்! நாய்க்கு அப்படியில்லை. முதலில், தோலுக்கடியில் அரிசியளவு சில்லு ஒன்றைப் பதித்துப் பதினைந்து இலக்க எண் கொடுத்தார்கள். அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். மில்லி லிட்டருக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்கவேண்டும். இருந்தது. உடனே புறப்படலாமா என்றால், கூடாது! ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முன்பே நோய் தொற்றி மறைந்திருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும் என்பது கணக்கு. அம்மணி ஊர் போய்விட்டு, தவணை முடிந்ததும் லீவு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அதற்குள் ஆயா மணியைக் கூண்டுக்குப் பழக்கியிருந்தாள். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமுள்ள கூண்டு. தினமும் சோற்றை அதற்குள்ளேயே வைத்து, தன் பழைய புடவையையும் விரித்திருந்தாள். "மயக்க மருந்து கொடுத்துவிட்டால் தூங்கிக்கொண்டே போகுமே?" என்று நம் மேதாவிலாசத்தைக் காட்டினோம். ஆகாயத்தில் மூச்சும் ரத்த ஓட்டமும் தளர்ந்துவிடும், ஆகவே கூடாது என்றார் வைத்தியர்.

விடியற்காலையில் காரில் புறப்பட்டோம். வெள்ளாற்றைத் தாண்டி, கடலூரில் கெடிலத்தையும் பெண்ணையையும் கடந்து, புதுச்சேரி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. மணி ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு அத்தனையையும் மோப்பம் பிடித்தது.

"அந்த ஊர்க் குளிரு இது தாங்குமா, சார்?" என்று ஆயா கேட்டாள்.

"பனி தேசத்து ஹஸ்கி நாய் நம் ஊர் வெயிலைத் தாங்கவில்லையா, ஆயா?" என்றோம். சொன்ன பிறகு நமக்கே வெட்கமாயிருந்தது. அதை விலை கொடுத்து வாங்கி, குளிர்சாதன அறையில் அடைத்து வைக்கும் கனவான்கள் நம்மவர்கள்தானே!

1949-ல் டோக்கியோக் குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று நேருஜி 'இந்திரா' என்ற யானையை அனுப்பி வைத்தார். யுத்த காலத்தில் யானைகளைப் பட்டினியில் பறிகொடுத்த உயேனோ மிருகக்காட்சிச் சாலைக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்த யானை நாம் மனமுவந்து கொடுத்த பரிசு. மணியோ நாம் வேண்டாமென்று விட்ட ஜீவன். வேண்டுமென்கிறவர்களுக்கும் வழி குறுகி வருகிறது. வெறிநோய்க்கு அஞ்சி, இந்தியா முதலிய பல தேசங்களிலிருந்து தத்துக்காக வரும் நாய்களைக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் தடுத்துவிட்டது. குற்றம் நாயினுடையதா, ஊசி போடாத நம்முடையதா?

பள்ளிக்கரணையில் மத்திய சர்க்காரின் பிராணித் தடைகாப்பு நிலையம் இருக்கிறது. அங்கே மணியையும் காகிதங்களையும் பார்த்து அத்தாட்சி கொடுத்தார்கள். இரவு மீனம்பாக்கம். விமானத்தின் அடித்தளத்தில், காற்றும் வெப்பமும் சீராக வைத்த அறையில் அதற்கு இடம். கூண்டு உள்ளே நகர்ந்தபோது மணி குரைக்கவில்லை. புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புகமாட்டேன் என்று தருமபுத்திரர் வாசலிலேயே நின்றாராம். ஆயாவோ நாயை உள்ளே அனுப்பிவிட்டு, தான் வாசலில் நின்றாள்.

மறுநாள் அண்ணாமலை நகர் திரும்பினோம். டீக்கடை பெஞ்சின் கீழே எலும்பும் தோலுமாக ஒரு குட்டி.

"சார், இதுக்கு ஊசி போடணும்னா எங்கே போகணும்?" என்றாள் ஆயா.

அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. சிதம்பரத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓர் ஆட்டோ போதும். ஏறி உட்கார்ந்தோம், குட்டி நம் மடியில்.